பூங்காவில் ஒரு களையெடுப்பு

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் சாலையோரம், என் கணவர் குப்புறப் படுத்துக் கிடந்தார். தலையில் புல்லுக்கட்டோடு வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி அதைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மயக்கமா, நெஞ்சு வலியா என்று என்னிடம் கேட்டாள். அதெல்லாம் ஒன்றும் இல்லையம்மா, பூப் பார்க்கிறார் என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். புல்லுக்கு நடுவில் மூக்குத்தி அளவில் நீலமாக ஒரு பூ இருந்தது. இவர் கைப்பேசியை அதன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கி வைத்திருந்தார்.

"இதுக்காங்க மண்ணுல கெடக்குறாரு? எங்க வூட்டாண்ட வாங்க. சாமைக்கொல்லை பூரா கெடக்குது. கட்டில் போடுறேன், உக்காந்தே பாக்கலாம்" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் படம் எடுத்து முடித்த பிறகுதான் எழுந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்கச் செம்மண். அதை யார் துவைக்கப் போகிறார்கள் என்ற கவலை அவருக்கும் இல்லை, அந்தப் பூவுக்கும் இல்லை.

இவர் வேலை பார்த்தது மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலையில். கரும்பு ஏற்றி வரும் டிராக்டரையும் மாட்டு வண்டியையும் எடை போட்டே வாழ்நாளைக் கழித்தவர். டன் கணக்கில் எடை போட்ட மனிதர், ஓய்வு பெற்றதும் கடுகு அளவு பூவுக்காக மண்ணில் புரள ஆரம்பித்தார். எல்லோரும் ஓய்வு பெற்றால் கோயில் குளம் என்று போவார்கள், இவர் குளத்துக்கு மட்டும் போனார். குளத்தங்கரையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்க.

இவருக்குத் துணையாக ஒரு கூட்டமும் சேர்ந்தது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கும் டீச்சர் ஒருவர்தான் அதற்குத் தலைவி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரை, ரயில் பாதை ஓரம், மலையடிவாரம் என்று கிளம்பிவிடுவார்கள். ஒருமுறை என்னையும் கோமுகி அணைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். ரோஜாவும் குரோட்டன்சும் வரிசையாக நிற்கும் இடத்தில், இவர்கள் எல்லோரும் குரோட்டன்சுக்குக் கீழே தலையை விட்டு எதையோ தேடினார்கள். தோட்டக்காரர் சந்தேகப்பட்டுக் கூடவே நடந்தார். கடைசியில் ஒரு கீழாநெல்லியைக் கண்டுபிடித்துவிட்டு, அணையையே அவர்கள்தான் கட்டியது போல மகிழ்ச்சியாகத் திரும்பினார்கள்.

இதனால் எனக்கு வந்த லாபம் சலவையில்தான். இவருடைய சட்டைப் பையில் எப்போதும் விதை இருக்கும். ஒரு நாள் பையைத் துழாவாமல் சட்டையை எடுத்துக் கசக்கினேன், உள்ளங்கையில் நெருஞ்சி முள் ஏறிவிட்டது. ரத்தத்தைக் காட்டினேன். இவர் என் கையைப் பிடித்து உற்றுப் பார்த்தார். பரவாயில்லை, மனிதருக்கு நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். "நல்லா முத்தின விதை" என்று சொல்லிவிட்டு அதைப் பத்திரமாக எடுத்துப் போனார்.

விதை சேர்ந்தால் விதைக்க இடம் வேண்டும் இல்லையா? ஊர்ப் பூங்காவில் ஊஞ்சலுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. ஒரு குழாய் எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும். அலங்காரப் புல் வைத்து, அது செத்து, மறுபடி வைத்து, மறுபடி செத்துப்போன இடம். அதை எங்களுக்குக் கொடுங்கள், இந்த மண்ணில் தானாக வருகிற பூச்செடிகளை வளர்த்துக் காட்டுகிறோம் என்று டீச்சரும் இவரும் நகராட்சி அதிகாரியிடம் போய்க் கேட்டார்கள். அவர் கொடுத்தார். ஆனால் மழைக்காலத்துக்கு முன்னால் வந்து பார்ப்பேன், தோட்டம் மாதிரி இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் கல் பதித்து உடற்பயிற்சி மெஷின் வைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்.

தும்பை, துத்தி, நெருஞ்சி, கொழிஞ்சி, மூக்கிரட்டை, கண்டங்கத்திரி, நாயுருவி, கீழாநெல்லி. ஓரத்தில் ஒரு ஆவாரை. எல்லாம் ஆடி ஆவணித் தூறலில் தழைத்துக்கொண்டு வந்தன. இவர் காலையிலும் சாயந்திரமும் அந்தக் குழாயில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து ஊற்றுவார். வீட்டில் இருந்த செம்பருத்தி தண்ணீர் இல்லாமல் வாடிக்கொண்டிருந்தது. அது ஊரறிந்த செடி என்பதால் இவர் கண்ணில் படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணி என்றால் இவருடைய அக்கா. களமருதூரில் கொஞ்சம் நெல் வயல், ஒரு வீடு. அவர் கணவர் இறந்த பிறகு தனியாகவே பயிர் வைத்துக்கொண்டிருந்தார். ஒரே மகள் ஓசூரில் மாடி வீட்டில் இருக்கிறாள். அங்கே போனால் கால் தரையில் படாது என்று அண்ணி போக மாட்டார். போன மழையில் மோட்டார் கொட்டகையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் மத்தியானம் வரை கிடந்திருக்கிறார். புல் அறுக்க வந்தவர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். இதை எங்களுக்குப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் சிரிக்கவில்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுக்க வைத்து, அண்ணியைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

வந்தாரே தவிர, தங்க வரவில்லை. ஒரு தகரப் பெட்டியில் புடவைகளைக் கொண்டு வந்திருந்தார். அதிலிருந்து ஒன்றை எடுப்பார், கட்டுவார், துவைப்பார், மடித்து மறுபடி பெட்டியிலேயே வைப்பார். என் பீரோவில் கீழ்த் தட்டைக் காலி செய்து கொடுத்தேன். அது காலியாகவே கிடந்தது. ஆவணி அவிட்டம் முடிஞ்சு போறேன் என்பார். அப்புறம் விநாயகர் சதுர்த்தி முடிஞ்சு என்பார். எங்கள் வீட்டுக்கும் ஆவணி அவிட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, போவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அவர் போகக் கூடாது என்று நான் நினைத்தேன். இவரும் அப்படித்தான் நினைத்தார், ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அந்தக் காலியான வீட்டுக்கு அண்ணி திரும்பிப் போனால், அப்புறம் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் மறுபடி விழுந்துவிட்டாரோ என்றுதான் எங்களுக்குத் தோன்றும். அதைவிட, எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. இவரைக் கிண்டல் செய்ய இத்தனை வருஷமாக ஆள் இல்லாமல் தனியாகக் கஷ்டப்பட்டேன்.

ஆனால் அண்ணிக்கு எங்கள் தெருவில் பொழுது போகவில்லை. சமையல் செய்ய நான் விடவில்லை, டிவி பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய கை எதையாவது பிடுங்கிக்கொண்டே இருக்கும். என் தொட்டிகள் எல்லாம் வந்த அன்றே சுத்தமாகிவிட்டன. எதிர் வீட்டில் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், பேச்சு முடிவதற்குள் அவர்கள் தொட்டியில் வைத்திருந்த அலங்காரப் புல்லை வேரோடு எடுத்து ஓரமாகக் குவித்துவிட்டார். அவர்கள் அதைச் சென்னையிலிருந்து விலை கொடுத்து வாங்கி வந்தார்களாம். புல்லுக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதை அண்ணி கடைசி வரை நம்பவில்லை.

இதைப் பார்த்த பிறகு இவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. பூங்காவில் தான் என்ன வளர்க்கிறோம் என்பதை அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார். பூச்செடி போட்டிருக்கிறேன் என்று மட்டும் அண்ணியிடம் சொல்லி வைத்தார். அண்ணி ஒருநாள் நானும் வரேன் என்றதற்கு, பூங்காவில் நாய்த் தொல்லை ஜாஸ்தி என்றார். எங்கள் பூங்காவில் இருப்பது ஒரே ஒரு நாய். அதுவும் எந்நேரமும் தூங்கும்.

அதிகாரி வருகிற நாள் நெருங்கியது. செடிகளுக்குப் பெயர்ப் பலகை வைக்கலாம் என்று டீச்சர் சொல்ல, இவர் சின்னச் சின்னத் தகரத்தில் வெள்ளை அடித்து, டீச்சர் வீட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே பெயர் எழுதினார். முதல் நாள் சாயந்திரம் ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒன்றாக நட்டுவிட்டு வந்தார். ராத்திரி டீச்சரோடு போனில் பேசினார். இவர் போன் பேசினால் கச்சிராயபாளையம் வரைக்கும் கேட்கும். நாளைக்குக் காலையில் அதிகாரி வருகிறார், நம் பூச்செடிகளைப் பார்க்க வருகிறார், எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். அண்ணி சுவரோரம் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனால் அண்ணியைக் காணோம். கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். இவர் வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட இவ்வளவு பரபரப்பு இருந்திருக்காது. நானும் கூடவே போனேன்.

ஊஞ்சலைத் தாண்டியதும் இவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

அங்கே ஒரு செடியும் இல்லை. மண் கொத்திப் பொலபொலவென்று கிடந்தது. அழகாக வரப்பு எடுத்துப் பாத்தி கட்டியிருந்தது. தண்ணீர் தெளித்திருந்தது. ஒவ்வொரு பாத்தியிலும் வெறும் மண்ணுக்கு நடுவில் ஒரு பலகை நின்றது. தும்பை. துத்தி. நெருஞ்சி. ஓரத்தில் ஆவாரை மட்டும் தப்பித்திருந்தது. பக்கத்தில் பிடுங்கிய செடிகள் வகை வகையாகக் குவிந்திருந்தன. குவியலுக்கு நடுவில் அண்ணி, என் களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததில்லை.

"ஆபீசர் வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன் தம்பி. உன் பூச்செடி ஒண்ணுகூட மிஞ்சல, எல்லாத்தையும் களை தின்னுடுச்சு. ஆனா நீ பலகையில எழுதி வச்சியே, அதுல ஒண்ணையும் வுடல. ஆவாரைய மட்டும் வச்சேன், பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவும்" என்றார்.

அப்புறம்தான் புரிந்தது. களமருதூர்ப் பக்கம் களைக்கொல்லி விற்க வருகிறவர்கள், வயலில் ஒவ்வொரு களைக்குப் பக்கத்திலும் அதன் பெயரை எழுதிப் பலகை நடுவார்கள். இதெல்லாம் சாகும் என்று சொல்லி மருந்து அடித்துக் காட்டுவார்கள். அண்ணிக்குத் தெரிந்த பலகை அதுதான். தம்பியின் கையெழுத்தையும் அடையாளம் தெரிந்துகொண்டு, தம்பிக்கு என்னென்ன எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். உலகத்தில் வேறு யார் வந்திருந்தாலும் இரண்டு செடியாவது மிஞ்சியிருக்கும்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் வந்தார், கூடவே மாணவிகளும் வந்தார்கள். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள், மண்ணைப் பார்த்தார்கள், அண்ணியைப் பார்த்தார்கள். அதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது.

அவர் ஒவ்வொரு பாத்தியாக நின்று, பலகைகளைச் சத்தமாகப் படித்தார். இங்கே ஒரே முள்ளுக் காடாக இருக்கிறது என்று நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் புகார் சொன்னார்களே, அப்படி ஒன்றும் இல்லையே என்றார். பூங்கா என்றால் இப்படித்தான் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். இப்போதுதான் விதைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் முந்திக்கொண்டு, ஆமாங்க சார், மழை வந்ததும் முளைச்சிடும் என்றார். அப்படியானால் பொங்கல் கழித்து வந்து பூவோடு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். இவர் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை வைத்துக் கிடைக்காத நல்ல பெயர், அண்ணி இரண்டு மணி நேரத்தில் பிடுங்கியதில் கிடைத்தது.

நான் சிரித்திருப்பேன். ஆனால் ஜீப் போனதும் இவர் வேட்டியோடு மண்டியிட்டு உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு தும்பையை எடுத்தார். துவண்டு போயிருந்தது. அதைப் பாத்தியில் நட்டு நிமிர்த்திப் பார்த்தார், அது சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். ஒரு மாணவி அழுகிற மாதிரி நின்றாள். அண்ணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்த தெளிச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"நீ வச்சதா?" என்று கேட்டார்.

இவர் தலையை ஆட்டினார்.

அண்ணி களைக்கொத்தைக் கீழே வைத்தார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தகரப் பெட்டி கூடத்துக்கு வந்திருந்தது. கட்டுவதற்கு ஒன்றும் இல்லை, எல்லாம் எப்போதும் கட்டித் தயாராகத்தானே இருந்தது. பத்து மணிக்கு ஒரு உளுந்தூர்பேட்டை பஸ் இருக்கிறது என்றார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். இவர் வாசல்படியிலேயே நின்றார்.

"புடுங்கினதுக்கு எனக்கு வருத்தமில்ல, அது தெரியாம செஞ்சது" என்றார் அண்ணி. "அந்தக் காலேஜ் பொண்ணுங்களுக்குத் தெரியுது, ஊருக்கே தெரியுது. எங்கிட்ட மட்டும் சொல்லலையே நீ. நான் யாரு உனக்கு?"

இவர் எடை மேடையில் வாழ்நாள் முழுக்க எண்களை மட்டுமே பேசியவர். அன்றைக்குப் பேசினார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது அக்கா? என்னைப் படிக்க வைக்க நீ கூலிக்குக் களையெடுத்த. சாயங்காலம் வந்து உக்காந்து கையில ஏறின முள்ள ஊசியால எடுப்ப. நான்தான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருப்பேன். அதே நெருஞ்சிக்கு நான் தெனமும் தண்ணி ஊத்திக்கினு இருக்கேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அண்ணி அவரையே பார்த்தார். அண்ணியின் கண் கலங்கியிருந்தது. அப்புறம் புருவம் மெதுவாக மேலே போயிற்று.

"நெருஞ்சிக்கா?" என்றார். "தண்ணி ஊத்தினியா?"

"ரெண்டு வேளையும்" என்றேன் நான். "வாளியில."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. நிற்க முடியாமல் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெருஞ்சிக்கு, நெருஞ்சிக்கு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. ஆனால் வாயெல்லாம் பல்லாக நின்றார். பத்து மணி பஸ் அதன்பாட்டுக்குப் போயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அண்ணி விஷயத்துக்கு வந்தார். ஒரு தரம் பிடுங்கினால் போய்விடுமா, வாழ்நாள் பூரா பிடுங்கினேனே, ஒன்றாவது போயிற்றா என்று கேட்டார். மண்ணைக் கொத்தி வேறு விட்டிருக்கிறேன், ஒரு மழை விழட்டும், உன் பலகைக்கு இடம் இருக்காது என்றார். சரி, அது முளைக்கிறதைப் பார்த்துவிட்டு, பொங்கல் முடிந்து போகிறேன் என்று பெட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஐப்பசி மழை விழுந்தது. அண்ணி தினமும் விடியற்காலையில் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தார், நாய் பயம் எங்கேயோ போய்விட்டது. வாழ்நாளில் முதல் தடவையாகக் களை வர வேண்டும் என்று காத்திருந்தார். வந்து சேதி சொல்வார். துத்தி ரெண்டு இலை விட்டிருக்குது, மூக்கிரட்டை தலை தூக்குது என்பார். சொல்கிற தினுசைக் கேட்டால் யாருக்கோ பிரசவம் ஆனது போல இருக்கும். ஆனால் கை கேட்க வேண்டுமே. பாத்தி ஓரத்தில் உட்காரும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அதைப் பார்த்து இவருக்கே பாவமாகிவிட்டது. பார்த்தீனியம் முளைத்தால் மட்டும் நீ எடுத்துக்கொள் அக்கா, அது எங்கேயோ வெளிநாட்டிலிருந்து வந்தது என்று அனுமதி கொடுத்தார். விரதம் முடித்தவர் சாப்பாட்டில் கை வைத்த மாதிரி அண்ணி அதன் மேல் பாய்ந்தார். அந்தப் பூங்காவில் மட்டுமில்லை, எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இப்போது பார்த்தீனியம் கிடையாது.

எல்லாமே திரும்பி வந்தன, முன்னைவிட அடர்த்தியாக. ஆனால் எதுவும் தன் பலகைக்குப் பக்கத்தில் வரவில்லை. தும்பைப் பலகைக்குக் கீழே துத்தி, துத்திப் பலகைக்குக் கீழே நாயுருவி. இவர் செடிகளைப் பிடுங்கி இடம் மாற்றி நட வேண்டும் என்று கிளம்பினார். பலகையைப் பிடுங்கி நட்டால் ஆகாதா என்று அண்ணி கேட்டார். டீச்சர் அதைக் கேட்டு அவ்வளவு நேரம் சிரித்ததற்கு இவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொங்கல் கழிந்து அதிகாரி வந்தார். தும்பை வெள்ளையாகப் பூத்திருந்தது. கண்டங்கத்திரி ஊதாவில், நெருஞ்சி மஞ்சளில். ஆவாரையில் பாதிக் கிளை பொங்கலுக்குப் போயிருந்தது, மீதியில் பூ. நடக்க வந்தவர்களில் சிலர் நின்று பார்த்தார்கள். இது எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்ததுதானே என்று ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். அதிகாரி கொஞ்சம் குழம்பித்தான் நின்றார். ஆனாலும், நீங்கள்தான் நன்றாக வைத்துக்கொள்கிறீர்களே, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவருடைய பேண்ட் முழுக்க நாயுருவி விதை ஒட்டியிருந்தது. அடுத்த மழையில் நகராட்சி அலுவலக வாசலிலும் முளைத்துவிடும் என்று இவர் சந்தோஷப்பட்டார்.

அந்த வாரமே அண்ணி கிளம்பினார். குத்தகைக்காரர் நெல் அறுக்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். வருகிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. பெட்டியை இவரிடம் கொடுக்காமல் அண்ணியே தூக்கிக்கொண்டார், இவர் கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அன்றைக்குப் பூங்காவுக்கும் போகவில்லை. பொங்கல் முடிந்து போகிறேன் என்று சொல்லியிருந்தார், சொன்னபடி போய்விட்டார் என்று நினைத்தோம். வீடு வெறிச்சென்று இருந்தது. நான் தொட்டியில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்க மனம் வராமல் விட்டுவைத்தேன்.

நான் அன்றைக்கே என் பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கவலை எல்லாம் பட்டிருக்க வேண்டாம். எதற்குத் திறக்கப் போகிறேன், அது காலித் தட்டாயிற்றே.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. அண்ணி இறங்கினார். பின்னாலேயே பெட்டி இறங்கியது, மூடி மூட முடியாமல், கயிறு போட்டுக் கட்டி. வாசலில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தால் உள்ளே புடவை இல்லை. ஈரச் சாக்கு. அதற்குள் களமருதூர் வாய்க்கால் சேறு. சேற்றில் நிமிர்ந்து நின்றது நீர்முள்ளி, கணுவுக்குக் கணு முள்ளும் ஊதாப் பூவுமாக. மண்ணோடு கொண்டுவர வேறு எதில் வைக்க முடியும், பையில் வைத்தால் பஸ்ஸில் நசுங்கிவிடாதா என்று என்னைக் கேட்டார். அப்படியானால் புடவையெல்லாம் எங்கே அண்ணி என்றேன். "உன் பீரோவுலதான். போறப்பவே அடுக்கிட்டுத்தானே போனேன், நீ பாக்கலையா?" என்றார். நான் உள்ளே ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். அடுக்கி இருந்தது. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

சாயந்திரம் மூன்று பேரும் பூங்காவுக்குப் போனோம். ஒழுகுகிற குழாய்க்குப் பக்கத்தில், எந்நேரமும் ஈரமாக இருக்கிற இடத்தில், அண்ணி தன் கையாலேயே குழி எடுத்து நட்டார். முள் குத்தியது, விரலைச் சப்பிக்கொண்டார். என் வயல் வாய்க்கால்ல இதை எத்தினி தடவை அறுத்திருப்பேன், அது இன்னும் இருக்குது என்றார். இவர் குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டு வந்து நின்றார். அண்ணி வாளியையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஊத்து" என்றார். "ஊத்திட்டு மறக்காம இதுக்கும் ஒரு பலகை எழுதி வச்சிடு. அப்படியே, புடுங்காதீங்கன்னு கீழ ஒரு வரி சேத்துக்கோ. இல்லாட்டி எவளாவது களமருதூர்க்காரி வெடிகாலையில வந்து சுத்தம் பண்ணிட்டுப் போயிடுவா."